ஓடைப்பாலத்தில் வைத்த மூன்று கற்கள்

2-3-1981 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சாட்சி தானே போலீஸ் நிலையத்துக்கு வந்து ஆஜராகிச் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சங்கிலிப்பாண்டி. வயது நாற்பத்தெட்டு இருக்கும். தகப்பனார் பெயர் கடற்கரை, காலமாகிவிட்டார். கோவில்பட்டி தாலுகா நொச்சிப்பட்டி கிராமம் கீழத்தெருவில் குடியிருந்து வருகிறேன். தொழில் மானாவாரி விவசாயம். படிப்பு இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியாருடைய ஆட்டுக்குட்டிகளைத்தான் மேய்த்தேன். கையெழுத்துப் போடத் தெரியும். ஊரில் என்னை நக்கல் பாண்டி என்பார்கள். அது எதற்கு என்று ரைட்டர் ஐயா கேட்டார். இந்தக் கேஸுக்கு அது தேவைப்படும், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

போன மாதம் 9-ந் தேதி மாலை எங்கள் ஊர் ஓடைப்பாலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் மோதி என் மதினி வெள்ளைத்தாய் இறந்துபோனது சம்பந்தமாக, பஸ் டிரைவர் வேல்சாமி இருபது நாளாகச் சிறையில் இருக்கிறார். ரோட்டில் கல் கிடந்தது, அதனால்தான் வலது பக்கம் ஏறினேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிக் கல் எதுவும் கிடக்கவில்லை என்று 10-ந் தேதி இதே நிலையத்தில் நான் சொன்னேன். நான் சொன்னது பொய். அவர் சொன்னது உண்மை. கல் கிடந்தது. வைத்தது நான்தான். விவரம் வருமாறு.

எங்கள் ஊர் வழியாகப் போவது மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி போகும் டிரங்க் ரோடு. ஊர் இருப்பது சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில். ஊருக்குள் மூன்று வீட்டில்தான் கடிகாரம் உண்டு. மற்றவர்களுக்கு ரோடுதான் கடிகாரம். விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் நான்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்து தீக்குச்சி அடுக்கும் வேலைக்கு ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போகும். அதன் பிறகு மதுரை பஸ். அது எப்போதும் பிந்தி வருவதால் அதற்கு நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன். பிறகு திருநெல்வேலிப் பக்கமிருந்து சிமெண்ட் லாரிகள், பஞ்சுப் பொதி லாரிகள், தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய லாரிகள் என்று பொழுது அடையும்வரை ஓயாது. மாலை ஆறு மணிக்குள் ஆபீஸ் பஸ்கள் நான்கும் பெண்பிள்ளைகளோடு திரும்பி வரும். அவர்கள் இறங்கும்போது வேட்டியைச் சரிசெய்துகொள்ளாத இளவட்டம் எங்கள் ஊரில் கிடையாது. இதை எழுத வேண்டாம் என்றேன். ரைட்டர் ஐயா எழுதிவிட்டார்.

எங்கள் பக்கம் கரிசல் தரை. தை மாதம் களம் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் கதிரைப் போட்டு அடித்தால் பாதி மணி வெடிப்புக்குள் போய்விடும், மீதி மண்ணோடு சேரும். தார் ரோடு அப்படி இல்லை. அதனால் அறுத்த கதிரையும் பிடுங்கிய செடியையும் ரோட்டில் பரப்பிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்துகொள்வோம். போகிற வருகிற வண்டிகள் ஏறி அடித்துக் கொடுத்துவிடும். சிமெண்ட் லாரி நாலு தடவை ஏறினால் மாடு நாள் முழுக்க மிதித்ததற்குச் சமம். பிளஷர் கார் கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரி, பிரயோசனப்படாது.

இதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. ரோட்டில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பிரிப்போம். ஒருவர் ஒரு பக்கம் பரப்பி, எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால், காலியான பக்கத்தில் கல்லும் முள்ளும் வைத்து அடைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் இரண்டு பக்கத்து வண்டியும் பயிர் மேல் ஏறும். எதிர்ப்பக்கமும் ஆள் பரப்பியிருந்தால் கல் வைக்கக் கூடாது. அவரவர் பக்கத்து வண்டி அவரவருக்கு. இதை யாரும் மீறுவது கிடையாது. இன்னொன்று, பரப்பியதில் முதலில் ஏறுகிற வண்டிக்கு முதல் சக்கரம் என்று பெயர். அந்த வண்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்வோம்.

இந்த வருஷம் சீட்டில் எனக்கும் என் மதினிக்கும் எதிரெதிராக ஓடைப்பாலத்துக்கு வடக்கே இடம் விழுந்தது. மதினி என்பது என் பெரியப்பா மகன் மனைவி. அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மதினிக்கு முப்பிடாதி என்று பத்தொன்பது வயதில் ஒரே மகள், வேல்சாமி ஓட்டும் பஸ்ஸில்தான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வருவாள். மதினியைக் கொழுந்தன் கேலி பண்ணுவது எங்கள் பக்கம் உள்ள வழக்கம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வேன். மதினியும் பதிலுக்கு விடமாட்டாள்.

சம்பவத்தன்று திங்கட்கிழமை. கோவில்பட்டி போகும் வண்டிகள் வருகிற கிழக்குப் பக்கத்தில் நான் குதிரைவாலி பரப்பினேன். சாத்தூர் போகும் வண்டிகள் வருகிற மேற்குப் பக்கத்தில் மதினி உளுந்துச் செடி பரப்பினாள். இரண்டும் பாலத்திலிருந்து வடக்கே நாற்பது அடி நீளம். அந்தப் பாலம் நடுவில் முதுகு தூக்கினாற்போல் இருக்கும். வடக்கே நிற்பவருக்குத் தெற்குச் சரிவு தெரியாது, தெற்கேயிருந்து வருபவருக்கு மேட்டில் ஏறும்வரை வடக்கே இருப்பது தெரியாது.

ஏழு மணிக்கு மதினி கஞ்சி குடிக்கப் போயிருந்தாள். அப்போது எனக்கு அந்தப் புத்தி வந்தது. பாலத்தை ஒட்டித் தெற்கே, மதினி பக்கத்துப் பாதையில், இரண்டு பெரிய கற்களையும் என் வீட்டு உடைந்த உரலில் பாதியையும் குறுக்கே வைத்து, மேலே கருவேல முள்ளைப் போட்டுவிட்டு வந்தேன். குதிரைவாலி சீக்கிரம் அடிபட வேண்டும் என்ற ஆசையில் செய்தது இல்லை. மதினியின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதன் பிறகு கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த வண்டிகள் எல்லாம் கல்லைப் பார்த்து வலது பக்கம் ஒதுங்கி, மேடு ஏறி, என் குதிரைவாலி மேல் இறங்கிப் போயின. சாத்தூர்ப் பக்கமிருந்து வந்தவையும் என் மேல்தான். இரண்டு தடவை லாரியும் லாரியும் நேருக்கு நேர் வந்து மூக்குரசி நின்று, டிரைவர்கள் ஒருவர் தாயாரை ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. மதினியின் உளுந்தில் பத்து மணிவரை ஏறியது ஒரு சைக்கிள் மட்டுமே. அந்த சைக்கிளுக்கே மதினி எழுந்து நின்று கும்பிட்டாள்.

பிறகு மதினி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டாள். "என்ன கொழுந்தனாரே, எல்லா வண்டியும் உம்ம பக்கமே சாயுதே? என் உளுந்து என்ன முள்ளா?"

"வண்டிக்காரனுக்கும் அழகு தெரியுதுல்லா மதினி. எம் மூஞ்சியப் பாத்து வாரான்."

"ஒம்ம மூஞ்சியப் பாத்தா ரோட்ட விட்டு ஓடைக்குள்ளல்லா எறங்கிருப்பான்" என்று மதினி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மதினிக்கு வலது முழங்கால் வீக்கம். அதனால் மேடேறிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. ஒருதரம் போக எழுந்தாள். நான் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன், அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார வைத்தேன்.

அதன் பிறகு மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்தபோது மதினி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நெசத்தச் சொல்லும். ஒமக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "சொன்னா வருத்தப்படக் கூடாது மதினி" என்றேன்.

"சொல்லும்."

"தாலி அறுத்தவ பரப்புனதுல மொதல் சக்கரம் ஏத்துனா அந்த வண்டி அடுத்த ஊரு தாண்டாதுன்னு டிரைவர்மாருக்குள்ள ஒரு பேச்சு. சாத்தூர்ல பேசிக்கிட்டாக, என் காதால கேட்டேன்."

"நான் தாலி அறுத்தவன்னு லாரிக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நெத்தியப் பாத்தாத் தெரியாதா? அவனுக்கு என்ன மாலைக்கண்ணா?"

அப்படி ஒரு பேச்சு எந்த டிரைவரும் பேசியது கிடையாது. அந்த இடத்தில் உட்கார்ந்தே நான் கட்டியது. மதினி வைவாள் என்று எதிர்பார்த்தேன். வையவில்லை. சேலை முந்தானையை எடுத்துப் புருவம்வரை இழுத்து நெற்றியை மூடிக்கொண்டாள். பிறகு வந்த வண்டிகளுக்கு முகத்தைக் காட்டாமல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வண்டிகள் அப்போதும் என் பக்கமே ஏறின.

அதன் பிறகு நாலு மணி இருக்கும். மதினி பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் கிடந்த செங்கல் துண்டை எடுத்து, கல்லில் உரசி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் குழைத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னவோ செய்தாள். திரும்பியபோது நெற்றியில் பொட்டு இருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு வைத்ததால் நடுவில் வராமல் இடது பக்கம் சாய்ந்திருந்தது. முந்தானையை இறக்கிவிட்டு, ரோட்டைப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "ஊருக்குள்ள போய்ச் சொல்லிராதீரும் கொழுந்தனாரே. ஒரு வண்டி ஏறிட்டா அழிச்சிருதேன்" என்றாள்.

நான் சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்படியும் ஒரு வண்டியும் ஏறவில்லை. ஐந்தரை மணிபோல் மதினி, "வேல்சாமி தம்பி வண்டி வரட்டும். தெனம் என் மகள ஏத்தி எறக்குத புள்ள. அது எனக்காக ஏத்தும்" என்று சொன்னாள். அந்த பஸ் வருவதற்குள் கல்லை எடுத்துவிட வேண்டும் என்று நானும் நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. அதனால் வடக்கே கூப்பிடு தூரத்தில், பாதை பிரியும் விலக்கில் இருக்கும் அழகிரிசாமி டீக்கடைக்குப் போனேன்.

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். "இன்னைக்கு எங்க மதினிய ஒரு காரியம் பண்ணிருக்கேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லப் போனால் சிரிப்பு, நிறுத்திவிட்டு மறுபடி சொல்லப் போனால் மறுபடி சிரிப்பு. என்ன என்று தெரியாமலே மற்றவர்களும் சிரித்தார்கள். அழகிரிசாமி, "ஏலே, டீய மேல ஊத்திக்கிடாத, சொல்லிட்டுச் சிரி" என்றார். நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது பாலத்தில் சத்தம் கேட்டது.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. பஸ் வருகிற சத்தம் கேட்டதும், என் பக்கம் ஏறவிடாமல் தன் பக்கம் திருப்பிவிடுவதற்காக மதினி என் குதிரைவாலிமேல் வந்து நடுவில் நின்று கையைக் கூப்பியிருக்கிறாள். வேல்சாமி கல்லைப் பார்த்து வலது பக்கம் ஒதுங்கி மேடு ஏறிய பிறகுதான் மதினி அவர் கண்ணில் பட்டிருக்கிறாள். பிரேக் போட்டிருக்கிறார். நாள் முழுக்க அடிபட்ட குதிரைவாலித் தாள் எண்ணெய் தடவினாற்போல் இருக்கும், சக்கரம் நிற்காது. பஸ்ஸில் இருந்த பெண்பிள்ளைகள் தீக்குச்சி அடுக்கிய அலுப்பில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்ததால் கல்லை யாரும் பார்க்கவில்லை. முப்பிடாதியும் தூங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். மற்றவர்கள் மதினி கிடந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. "பின்னால வார வண்டிய நிறுத்துதேன்" என்று கத்திக்கொண்டு மதினியைத் தாண்டி ஓடி, பாலத்துக்குத் தெற்கே போய், மூன்று கல்லையும் உருட்டி ஓடைக்குள் தள்ளி, முள்ளை இழுத்து அவற்றின்மேல் போட்டேன். பிறகு இரண்டு லாரிகளைக் கை காட்டி நிறுத்தினேன். அதன் பிறகுதான் மதினியிடம் வந்தேன்.

மதினிக்கு அப்போது உயிர் இருந்தது. தலை முப்பிடாதி மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "நீரு சொன்னது நெசந்தான் கொழுந்தனாரே" என்றாள். முப்பிடாதி, "என்ன சித்தப்பா சொல்லுதா?" என்று கேட்டாள். நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மதினி அதன் பிறகு பேசவில்லை. சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது.

வேல்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அங்கன கல்லு கெடந்துச்சு, வந்து பாருங்க" என்று என்னையே இழுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தோம். ரோடு சுத்தமாக இருந்தது. அவர் குனிந்து தாரைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

பிறகு முதலில் வந்த ஏட்டையா, இன்ஸ்பெக்டர் ஐயா வரும்வரை உடலை எடுக்கக் கூடாது என்று சொல்லி, மதினியைச் சுற்றிக் கல் வைத்துக் கிழக்குப் பக்கத்தை அடைத்து, வண்டிகளை மேற்குப் பக்கமாக விடச் சொன்னார். அப்போது ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. சிமெண்ட் லாரி, பஞ்சு லாரி, மதுரை பஸ், மற்ற மூன்று ஆபீஸ் பஸ்கள் என்று அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக மதினியின் உளுந்துமேல் ஏறி மெதுவாகப் போயின. எட்டு மணிவரை போயின. ஆளைக் காணோம், யார் கும்பிடுவது. மறுநாள் பெண்கள் போய் அள்ளிப் புடைத்தபோது உடையாத நெற்று ஒன்றுகூட இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

10-ந் தேதி நிலையத்தில் விசாரித்தபோது, கல் எதுவும் கிடக்கவில்லை, பஸ் கண்மண் தெரியாமல் வந்தது என்று சொன்னேன். வேல்சாமி பக்கத்து அறையில் இருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும்.

அதன் பிறகு 13-ந் தேதி வேல்சாமியின் மனைவி ராமலட்சுமி கைக்குழந்தையோடு எங்கள் ஊருக்கு வந்து, டீக்கடையில் நின்று, "அன்னைக்கு யாராவது கல்லப் பாத்தீகளா?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டது. என்னிடம் வந்தபோது, "கல்லா? மலையே கெடந்துச்சு தாயி, ஒம் புருசன்தான் முழுங்கிட்டாரு" என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் பாலம்வரை நடந்துபோய் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்துவிட்டு, கோவில்பட்டி பஸ் ஏறிப் போய்விட்டது. போகும் முன் ஓடைக்குள்ளும் எட்டிப் பார்த்தது. மேலே முள் கிடந்ததால் ஒன்றும் தெரிந்திருக்காது.

இதற்கிடையில் ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. மதினியைக் குளிப்பாட்டும்போது நெற்றியில் பொட்டு இருந்ததைப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். தாலி அறுத்தவள் யாருக்காகப் பொட்டு வைத்தாள் என்று ஆரம்பித்து, தினம் அந்த பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பவள்தானே என்று போய், வேல்சாமியையும் மதினியையும் சேர்த்துப் பேசி முடித்தார்கள். அவள் வழிமறித்தாள், அவன் ஏற்றிவிட்டான் என்றார்கள். முப்பிடாதியை நாகலாபுரத்திலிருந்து பெண் கேட்டிருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

24-ந் தேதி மதினிக்குப் பதினாறாம் நாள். அந்த உளுந்தைத்தான் ஆட்டி வடை சுட்டிருந்தார்கள். பந்தியில் முப்பிடாதி என் இலையில் இரண்டு வடை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சித்தப்பா, அன்னைக்குப் பூராவும் நீங்கதான எங்கம்மா பக்கத்துல இருந்தீக. அவ ஏன் பொட்டு வச்சிருந்தா?"

நான், "எனக்கென்ன தெரியும் தாயி" என்றேன். அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். வடை நன்றாக இருந்தது. இரண்டையும் தின்றேன்.

அதன் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு செல்லவில்லை. 28-ந் தேதி டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது, கல்லை வைத்தது நான்தான், பொட்டு வைக்கும்படி செய்ததும் நான்தான் என்று முழுவதையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அழகிரிசாமி விழுந்து விழுந்து சிரித்து, "செத்தவளக்கூட விடமாட்டியாலே நீ" என்றார். நான் அழுதேன். அதற்கும் சிரித்தார்கள். நான் அழுவதுபோல் நடித்துக் காட்டுவது அவர்களுக்குப் பழக்கம்.

ஆகையால் இன்று காலை இங்கே வந்தேன். இங்கேயும் முதலில் ரைட்டர் ஐயா சிரித்தார். ஓடைக்குள் முள்ளுக்கு அடியில் கிடக்கும் பாதி உரல் என் வீட்டு உரல். மற்றப் பாதி என் வீட்டுக் கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைத்துக் கிடக்கிறது. இரண்டையும் கொண்டுவந்து பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். வேல்சாமியை விட்டுவிட வேண்டும். பொட்டு வைத்த விவரம் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டுமாவது முப்பிடாதிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவள் முன்னால் நின்று என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மேலே எழுதியிருப்பதை ரைட்டர் ஐயா சத்தமாக வாசித்தார், என் காதால் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் அடித்தோ மிரட்டியோ நான் சொல்லவில்லை. இவ்வளவும் நடந்தது நடந்தபடி. சிரிப்புக்காகச் சொன்னது இதில் ஒரு வரியும் இல்லை.

(ஒப்பம்) க. சங்கிலிப்பாண்டி